தாய்மாமன் தொட்டில் – 14: மயில்கழுத்துக் கரை

தொட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டது.

அபிராமி அம்மிக்குழவியை அதற்குள் கிடத்தியதுதான் தாமதம். கொக்கியில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்த தொட்டில், மஞ்சளும் நீலமுமாக அவள் மூன்று வாரம் உட்கார்ந்து நெய்த தொட்டில், மெல்ல நீள ஆரம்பித்தது. இடுப்பு உயரத்தில் இருந்தது முழங்காலுக்கு வந்தது. முழங்காலில் இருந்தது கணுக்காலுக்கு வந்தது. கடைசியில் குழவிக்கல் சிமென்ட் தரையில் 'டொக்' என்று முட்டியது.

நல்ல வேளை, பிள்ளைக்கு முன்னால் குழவியைப் போட்டுப் பார்ப்பது அவர்கள் பக்கத்து வழக்கம்!

"கல்லு கனம்லா, அதான் அபி," என்றான் அவள் புருஷன் ராஜ்கமல், மேலே கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு.

"கல்லு அஞ்சு கிலோ. உங்க மருமக நாலேகால் கிலோ. முக்கால் கிலோ கொறஞ்சா தொட்டில் மேல பறந்துருமாக்கும்?"

மணி எட்டு. பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம்.

இத்தனை நாளாக இந்தக் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்களுக்கு கவலை வந்திருக்கும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவன் ராஜ்கமல். அவன் தங்கை ஜோதிகாவும், குன்னத்தூர்த் தோட்டக்காரரும் நிட்டிங் கம்பெனி முதலாளியுமான கந்தப்பனின் ஒரே மகன் தரணீதரனும், பெரியவர்கள் யாரும் இல்லாமல் பதிவாளர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷமும் கந்தப்பன் மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி பிறந்து நாற்பதாவது நாள் தொட்டில் போடுவதற்குத்தான், அவர் மனைவி ரங்காத்தாளிடமிருந்து முதல் தடவையாக போன் வந்தது.

"வாறமுங்க. கடையில தேக்குத் தொட்டில் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன், எடுத்துட்டே வந்தர்றேன்."

"தொட்டில் தாய்மாமன் முறைங்கம்மா," என்று நம் ராஜ்கமல் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டான். "எங்க வீட்டுக்காரி கையாலயே நெய்யுதா. கடைத்தொட்டில் எதுக்கு?"

"அதையும் பாக்கலாமுங்க," என்று அந்த அம்மாள் போனை வைத்தாள். அந்த 'பாக்கலாமுங்க'வில் எவ்வளவு மரியாதை இருந்ததோ அவ்வளவு மிரட்டலும் இருந்தது.

போன வாரம் சம்பந்திக்கு வேட்டி எடுக்கப் போய், கடைக்காரரை இரண்டு மணி நேரம் அழவைத்து, மயில்கழுத்து நிறத்தில் கரை போட்ட எட்டு முழ வேட்டியை ராஜ்கமல் தேர்ந்தெடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது இப்போது வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. தொட்டில்தான் தரையில்!

அபிராமிக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிங் செக்சனில் பன்னிரண்டு வருஷம். பனியன் துணி எப்படி இழுத்தால் எவ்வளவு நீளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் இப்படியா, வெட்டவெளிச்சமாக, நடுவீட்டில்!

அவள் வீட்டில் நெசவு என்பது சோறு வடிப்பது மாதிரி தினப்படிச் சமாச்சாரம். பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பாள். அதுதான் தறி. கட்டிங் மாஸ்டர் வெள்ளையனிடம் கேட்டு வாங்கி வந்த துண்டுத் துணிகளை விரல் அகலத்துக்கு நாடாவாகக் கத்தரித்து, மேலும் கீழுமாகப் பாவு கட்டி, ஊடே ஊடே விரலாலேயே கோத்து இறக்குவாள். உலை கொதிக்கிற நேரத்தில் நாலு வரி. டி.வி. பார்க்கிற நேரத்தில் பத்து வரி. வீரபாண்டியில் அந்த லைன் வீடுகள் பதினாறிலும் வாசல் மிதியடி, டிபன்பாக்ஸ் பை, செல்போன் உறை எல்லாம் அபிராமி கைவேலைதான்.

தொட்டிலுக்கு மட்டும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கையில் பட்டால் பூ மாதிரி இருக்கிற ரிப் துணி, அதிலும் ரப்பர் மாதிரி நீளும் லைக்ரா நூல் ஓடிய துணியாகப் பார்த்து எடுத்தாள். விறைப்பாக இருக்க வேண்டுமென்று கட்டில் சட்டத்தில் இழுத்து இழுத்துக் கட்டினாள். சட்டத்தில் இருந்தவரை விறைப்புத்தான். கொக்கியில் மாட்டி ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் வெறுந்தொட்டிலைக் கட்டி ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாதாமே! அதனால் இன்றைக்குக் காலையில்தான் முதல் தடவையாகக் கட்டினார்கள்.

உள்ளறையிலிருந்து ஜோதிகா எட்டிப் பார்த்தாள். தோளில் பிள்ளை. முகத்தில் ரத்தமே இல்லை.

"மதினி, பேசாம ஒரு சேலையைக் கட்டிருவமா?"

"சேலையா? வீட்டுல நெஞ்ச தொட்டில்னு உங்கண்ணன் தம்பட்டம் அடிச்சிருக்காக. இப்ப சேலையைக் கட்டினா, அந்தம்மா ஒரு வார்த்தை பேச மாட்டாக. தேக்குத் தொட்டிலைக் கொண்டாந்து நம்ம கொக்கியில மாட்டுவாக. அம்புட்டுத்தான். நாளைக்கு நீ அந்த வீட்டுப் படி ஏறும்போதெல்லாம் அந்தத் தொட்டில்தான் உனக்கு முன்னால ஏறும்."

ஜோதிகாவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அபிராமிக்குள் ஏதோ சுறுசுறுவென்று ஏறியது. பயம் போன இடம் தெரியவில்லை.

"அழாதட்டி! இன்னும் ரெண்டே முக்கா மணி நேரம் இருக்கு. பனியனுக்குத் தோள்பட்டை தொங்காம இருக்க என்ன வைக்காக?"

"ஷோல்டர் டேப்," என்றாள் ஜோதிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவளும் டெய்லர்தானே. நீளாத நாடா. அதை உள்ளே வைத்துத் தைத்தால் பனியன் எத்தனை தடவை துவைத்தாலும் தோள் அப்படியே நிற்கும்.

"அதேதான்! தொட்டிலோட நீளத்துக்கு டேப்பைக் கோத்து விட்டுட்டா, அது நிக்கிற இடத்துல துணியும் நிக்கும்." அபிராமி புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்கன போவீகளோ தெரியாது. ஒரு ரோல் டேப்போட வாங்க."

"ஞாயித்துக்கிழமை எவன்டி கடை தொறந்திருப்பான்?"

"தொறக்க வைங்க!"

ராஜ்கமலின் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு பறந்தது. தரணீதரன் அதற்கு முன்பே பூவும் பழமும் வாங்கப் போயிருந்தான். அபிராமி தொட்டிலை அவிழ்த்துக் கட்டில் சட்டத்தில் மறுபடி மாட்டத் தொடங்கினாள். ஒரு ஆளால் ஆகிற வேலையா அது? ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் சட்டம் சாய்ந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. அறுபது வயதிருக்கும். நடந்து வந்த களைப்பில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேர் கொண்டாந்தீகளா அண்ணாச்சி?" என்றாள் அபிராமி திரும்பிக்கூடப் பார்க்காமல். "நாப்பது சேர் சொன்னோம். அது கெடக்கட்டும், முதல்ல இந்தச் சட்டத்தைப் பிடிங்க. சாயுது பாருங்க, சாயுது!"

அந்த மனிதர் ஒரு கணம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் ஒசத்துங்க. ஆங், அப்படியே."

"ஏனுங்க அம்மிணி, இது ரிப்புத் துணியாச்சே," என்றார் அவர். "லைக்ரா வேற ஓடுது. இதுலயா தொட்டில் கட்டுனீங்க?"

"கட்டினேன் அண்ணாச்சி, புத்தி கெட்டுப்போய்க் கட்டினேன். நீங்களும் பனியன் வேலை பாத்தவுகளா?"

அவர் ஒரு நாடாவை இரண்டு விரலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மஞ்சள் துணியில் ஓரிடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பக்கத்து நாடாவிலும் அதே கோடு. அடுத்ததிலும் இருந்தது.

"ஊசிக்கோடு," என்றார் மெதுவாக. "நாலாம் நம்பர் மெசினு. ஒரு ஊசி தேஞ்சு போனதைப் பாக்காம விட்டுப்போட்டோம். ரோல் ரோலா ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்க. இது என்ர துணிங்க அம்மிணி."

"உங்க துணியா?" அபிராமி அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சேர் வாடகைக்காரரு இல்லியா?"

உள்ளறை வாசலில் ஏதோ உருண்டு விழுந்தது. ஜோதிகா கையில் வைத்திருந்த பவுடர் டப்பா.

"மாமா!" என்றாள் அவள்.

அபிராமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ! குன்னத்தூர் கந்தப்பனைக் கட்டில் சட்டம் பிடிக்க வைத்திருக்கிறாள்! சம்பந்தியை! எந்த மனிதர் முன்னால் தொட்டில் விஷயம் தெரியக் கூடாதென்று நெருப்பாய் நின்றாளோ, அவர் கையிலேயே தொட்டிலைக் கொடுத்து 'ஒசத்துங்க' என்று அதட்டியிருக்கிறாள்!

"ஐயா... தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க..."

"சட்டத்தை விட்டா சாயுமுங்க," என்றார் கந்தப்பன். "மன்னிப்பெல்லாம் பொறகு பாத்துக்கலாம். நீங்க அந்தப் பக்கம் அவுத்து விடுங்க. துணியை மொதல்ல தூங்க உடோணும். அரைமணி நேரம் சும்மா கெடந்து அது தானா சுருங்கி நிக்கட்டும். இழுத்து வெச்ச துணியில எது பண்ணுனாலும் நிக்காது."

கட்டிங்குக்கு முன்னால் துணியைப் பிரித்துப் போட்டு இளக விடுவது திருப்பூரில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும். அபிராமி பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தாள். தொட்டில் பாயில் கிடந்து, பார்க்கப் பார்க்க ஒரு முழம் சுருங்கியது.

கந்தப்பன் பேத்தியின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். கேட்க வாய் வரவில்லை. ஜோதிகாவே கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையைத் துண்டில் இரண்டு தடவை துடைத்தார். வாங்கினார்.

"கண்ணு," என்றார். "அப்பாரு வந்திருக்கறன் சாமி, உன்ர தாத்தன்." குரல் உடைந்துவிட்டது. உடனே தொண்டையைக் கனைத்து அதை மறைக்கப் பார்த்தார். மறையவில்லை.

"நீங்க மட்டும் வந்திருக்கீக," என்றாள் அபிராமி தயங்கித் தயங்கி. "அம்மா..."

"அவ அவிநாசிபாளையத்துல அவங்கண்ணன் ஊட்டுல இருக்கறா. சொந்தக்காரங்களோட வேன்ல வருவா. தேக்குத் தொட்டிலும் வருது." அவர் பெருமூச்சு விட்டார். "வேண்டாமுன்னு நேத்தெல்லாம் சண்டை. சொன்னாக் கேக்க மாட்டா. எனக்கு இருப்புக் கொள்ளுலீங்க. காலையில பஸ் ஏறி வந்துட்டன்."

தோட்டமும் கம்பெனியும் வைத்திருக்கிற மனிதர், பேத்தியைப் பார்க்க டவுன் பஸ்சில் நின்றுகொண்டு வந்திருக்கிறார்! அபிராமிக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது.

மணி ஒன்பதரை. ராஜ்கமலைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு அபிராமி, டேப் வாங்கப் போன மனுஷனைக் காணோமே என்று புலம்பிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.

"டேப்புத்தானுங்களே வேணும்?" என்றார் கந்தப்பன். அவர் பார்வை அறையைச் சுற்றி வந்து தாம்பாளத்தில் நின்றது. "அந்த வேட்டி யாருக்கு எடுத்ததுங்க?"

"உங்களுக்குத்தான் ஐயா. சபையில வச்சுத் தரணும்னு..."

கந்தப்பன் பிள்ளையை ஜோதிகாவிடம் கொடுத்தார். வேட்டியை எடுத்துப் பிரித்தார். மயில்கழுத்துக் கரையைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். நெருக்கமான நெசவு. இழுத்துப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

"கத்தரியைக் குடுங்க."

"ஐயா! வேண்டாம்! புது வேட்டி, நல்ல நாளும் அதுவுமா... உங்க மரியாதை ஐயா அது!"

"மரியாதை எனக்கு வந்து சேந்துருச்சுங்க. இப்ப இது என்ர பொருளு." அவர் கரையின் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டார். "பனியன் துணி இழுத்தா வரும். வேட்டி வராது. ரெண்டும் சேந்தாத்தான் இந்தத் தொட்டில் நிக்கும்."

சரியாக அந்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. இரண்டு கையிலும் பூப்பொட்டலத்தோடு தரணீதரன். அப்பாவைப் பார்த்ததும் அவன் கால் வாசற்படியிலேயே ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருஷம். ஒரே ஊரில், ஒரே தொழிலில், எதிரெதிரே வண்டியில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இரண்டு வருஷம்.

கந்தப்பன் வேட்டியின் ஒரு முனையை மகனை நோக்கி நீட்டினார்.

"புடி."

பூப்பொட்டலங்கள் கீழே விழுந்தன. தரணீதரன் ஓடி வந்து பிடித்தான். அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். டர்ர்ர்ர் என்று எட்டு முழத்துக்கும் கரை கிழிந்து வந்தது. தரணீதரனின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது. அவன் துடைக்கவில்லை. துடைக்கக் கை இல்லை.

"இறுக்கிப் புடிடா. அடுத்த கரை."

"சரிங்கப்பா."

மறுபடியும் டர்ர்ர். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ராஜ்கமல் வெறுங்கையோடு வந்து சேர்ந்தான். நிலைமையைப் பார்த்தான். கிழிந்த வேட்டியைப் பார்த்தான்.

"ஐயையோ, என் வேட்டி!" என்று அலறினான். "ரெண்டு மணி நேரம் நின்னு எடுத்த வேட்டி! யாருய்யா நீரு?"

"உங்க சம்பந்திங்க," என்றார் கந்தப்பன் கையெடுத்துக் கும்பிட்டு. "கோணி ஊசி இருக்குதுங்களா?"

ஜோதிகா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அவள் சிரித்ததும் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ராஜ்கமல் மட்டும் இன்னும் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீடு ஷிப்மென்ட் நாள் கம்பெனி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கரை, நடுவிலிருந்து கிழித்த நாலு நாடா, ஆக மொத்தம் ஆறு. தரணீதரன் ஊசியில் கோத்துக் கொடுத்தான். ராஜ்கமல் சட்டத்தைப் பிடித்தான். அபிராமி நெசவுக்குள்ளே நாடாவை நுழைத்து மேலே கொண்டுபோனாள். அங்கே கந்தப்பன் வாங்கி வளைத்துக் கீழே அனுப்பினார்.

"இன்னும் நாலு விரல் தளத்துங்க அம்மிணி. பாப்பா படுத்தா துணி கொஞ்சம் இறங்கோணும், அப்பத்தான் மெத்துன்னு இருக்கும்."

"ரெண்டு விரல் போதும் ஐயா. அதுக்கு மேல விட்டா தொங்கிரும்."

"நாலு."

"ரெண்டுதான் ஐயா! நெஞ்சவ நான்!"

கந்தப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு," என்றார். மூன்றில் முடிந்தது.

பதினொன்று இருபதுக்குக் கொக்கியில் கட்டினார்கள். லைன் வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலில் கூடியிருந்தார்கள். வேன் மட்டும் வரவில்லை.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிசத்துல நேரம் முடிஞ்சிரும்," என்றான் ராஜ்கமல். "காத்திருப்போமா ஐயா?"

"பதினொண்ணரை வரைக்கும் பாப்போம்," என்றார் கந்தப்பன். பதினொன்றரையும் ஆனது. "அவளுக்காக நல்ல நேரம் நிக்காதுங்க. போடுங்க."

முதலில் குழவி. அபிராமி அதைக் கிடத்திவிட்டுக் கையை எடுத்தாள். தொட்டில் இறங்கியது. மூன்று விரல் இறங்கியது. நின்றது. நின்றேவிட்டது! தரைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். யாரோ குலவை போட்டார்கள். அபிராமிக்கு நெஞ்சு நிறைந்து, கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியேவிட்டாள்.

"குழவியை எடுங்க! பிள்ளையைக் கொண்டாங்க!"

ஜோதிகா கையிலிருந்து பிள்ளையை வாங்கி அத்தைக்காரி அபிராமி தொட்டிலில் விட்டாள். தாய்மாமன் ஆட்டினான். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே மயில்கழுத்துக் கரை பளிச்சென்று ஓடியது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.

அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம்.

வேனிலிருந்து சொந்தபந்தம் திபுதிபுவென்று இறங்கியது. எல்லோருக்கும் முன்னால் ரங்காத்தாள், பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாக. பின்னால் இரண்டு ஆட்கள், சங்கிலி பூட்டிய தேக்குத் தொட்டிலைச் சுமந்துகொண்டு. கூட்டம் தானாக வழிவிட்டது.

ரங்காத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவர் கையெல்லாம் நூல் பிசிறு. மகனைப் பார்த்தாள். அவன் அப்பா பக்கத்தில் தோளோடு தோளாக நின்றான். அந்த இடத்தில் அவள் கண் ஒரு நொடி கூடுதலாக நின்றதை அபிராமி கவனித்தாள். பிறகு தொட்டிலுக்கு வந்தாள். குனிந்தாள். தூங்குகிற பேத்தியைத் தொடாமல், ஒரு விரலால் கரையைத் தொட்டாள். நெசவுக்குள் அது போன வழியே விரலை ஓட்டினாள். அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்தாள். வெற்றிலை இருந்தது. பாக்கு இருந்தது.

"ஏனுங்க அம்மிணி," என்றாள் அபிராமியிடம், மிக மிக மரியாதையாக. "இது யாரு ஊட்டு வேட்டிங்க?"

கந்தப்பன் சட்டென்று மோட்டைப் பார்த்தார். ராஜ்கமலும் மோட்டைப் பார்த்தான். அபிராமி மட்டும் நேராகப் பார்த்தாள்.

"உங்க வீட்டு வேட்டிதாம்மா. துணியும் உங்க மெசின்ல ஓடுனதுதான். நெஞ்சதுதான் நாங்க."

ரங்காத்தாள் நிமிர்ந்தாள். அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அந்த வீட்டில் கொக்கி ஒன்றே ஒன்றுதான்.

வாசலில் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு தோள் வலிக்க நின்ற ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"எறக்குங்கடா அதை," என்றாள்.

வீட்டுக்குள்ளேயா, திரும்ப வேனுக்கா என்று அவள் சொல்லவில்லை.